விசிறி இல்லாத பெட்டி

விசிறியே இல்லாத பெட்டிக்குள்ளிருந்து காற்று இரைகிற சத்தம் வந்தது.

பவதாரணி முதலில் அதை மழை என்றுதான் நினைத்தாள். போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வீட்டில், மதியச் சோறு உண்டு முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிடும். இறங்கிவிட்டால் தகரத்தில் சொட்டுவது மழையா, மரங்களிலிருந்து வழியும் ஈரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சத்தம் கூரையிலிருந்து வரவில்லை. டிவிக்குக் கீழே, பலகையின் மேல், சோப்பு டப்பாவைவிடச் சற்றே பெரிதாக உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது. குனிந்து காதை வைத்தாள். இழுத்தது. நின்றது. மறுபடி மெதுவாக இழுத்தது. உலோகம் கன்றுக்குட்டியின் வயிற்றைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

சத்தம் வரக்கூடாது என்பதற்காகவே தேடிப் பார்த்து வாங்கிய பெட்டி அது.

அவளுடைய அம்மா சந்திரவல்லி இறந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. போடியில் சொந்தக்காரப் பெண் காளீஸ்வரியின் கல்யாணத்துக்குப் போனவள், திரும்பி வந்த ஜீப்போடு கொண்டை ஊசி வளைவொன்றில் பள்ளத்தில் விழுந்தாள். வீடு வந்து சேரவில்லை. அப்பா சீனிச்சாமி காய்ச்சலில் படுத்திருந்ததால் அன்று போகவில்லை. வாழ்நாளெல்லாம் அதே ரோட்டில் ஜீப்பு ஓட்டியவர், அதன்பிறகு எந்த இரைச்சலையும் தாங்கமாட்டாதவராகிப் போனார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வார். நாள் போகப்போக ஞாபகமும் நழுவியது. "ஒங்காத்தா இன்னும் வரலயா தாயி?" என்று கேட்பார். வரமாட்டாள் என்று சொன்னால் சாப்பிடமாட்டார்.

கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு மலைக்கே வந்துவிட்ட பவதாரணி, அம்மா இருக்கும் படங்களையெல்லாம் தேடித் திரட்டினாள். பழைய சீடிகள், செத்துப்போன போன்களின் கார்டுகள், சொந்தக்காரர்கள் அனுப்பிய துண்டு வீடியோக்கள். மலையில் ஒரு மேகம் குறுக்கே வந்தால் நெட் போய்விடும். அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரை எந்நேரமும் ஓடவிட்டு, எல்லாப் படங்களையும் அதில் போட்டு, ரிமோட்டை அமுக்கினால் டிவியில் வருகிற மாதிரி செய்துவிட நினைத்தாள். போடியில் பால்பாண்டியின் கடைக்குப் போனாள். அவர் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

"இது பெரிய பொட்டி. எத்தன டிஸ்க்கு வேணும்னாலும் போடலாம். ஆனா கரண்ட்டத் தின்னும், ஒங்க வீட்டு இன்வெர்ட்டரு தாங்காது. இது ஆபீஸ்ல கழிச்சது, மாடு மாதிரி ஒழைக்கும். உள்ள விசிறி இருக்கு பாத்துக்க. மலை ஈரத்தையும் ஏலக்காத் தூசியையும் இழுத்து உள்ள வச்சுக்கிரும்."

"இந்தக் குட்டி?"

"இதுல விசிறியே கெடையாது தங்கச்சி. மூடுன பொட்டி. சூட்ட ஒடம்பாலயே வெளிய தள்ளிரும். படம் காட்டுற சோலிக்கு இது போதும். சத்தம்னா என்னன்னே இதுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் அதை எடுத்தாள்.

முதல் சில நாட்கள் வீடு உயிர்பெற்றது. திரையில் அம்மா ஏலக்காய் பொறுக்கினாள், தும்மினாள், யாரையோ திட்டினாள். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். பவதாரணி சமையல்கட்டில் நின்று அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே அழுதாள். அது நல்ல அழுகையாகத்தான் இருந்தது.

டிவியைப் போட்டதும் மேலே 'தொடர்ந்து பார்க்க' என்றொரு வரிசை வரும். பாதியில் விட்ட படங்கள் அதில் நிற்கும். ஒருநாள் காலையில் அதில் கல்யாண வீடியோ நின்றது. பந்தியில் அம்மா கேமராவைப் பார்த்துச் சிரிப்பாள், கை கழுவுவாள், மாம்பழ மஞ்சள் சேலையின் முதுகு தெரிய மண்டபத்து வாசலை நோக்கி நடப்பாள், முடிந்துவிடும். அதுதான் அவளைக் கடைசியாக எடுத்த படம். அதை அப்பாவுக்குப் போடக்கூடாது என்று பவதாரணி தொட்டதே இல்லை. யார் போட்டது? அப்பாவுக்கு ரிமோட்டைப் பிடிக்கவே தெரியாது.

அமுக்கினாள்.

மஞ்சள் முதுகு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. படம் முடியவில்லை. தெருவில் இறங்கியது. பஸ் ஸ்டாண்டைக் கடந்தது. சுற்றிலும் வாய்கள் அசைகின்றன, வண்டிகள் போகின்றன, ஆனால் ஊர்ச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த இரைப்பு மட்டும் கேட்டது. அது டிவியிலிருந்து வருகிறதா, கீழே பெட்டியிலிருந்து வருகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. திரை கறுத்தது.

படத்தை எடுத்தவன் காளீஸ்வரியின் தம்பி முத்துக்கண்ணன். உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"இல்லக்கா. வாசல்கிட்டப் போகவும் நிறுத்திட்டேன். அதுக்குப் பெறகு எடுக்கவே இல்ல. ஏங்க்கா, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

மறுநாள் படம் இன்னும் நீண்டிருந்தது. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது அந்த மஞ்சள் முதுகு. அடுத்த நாள் வளைவுகள். அவற்றில் ஒன்றில் உடைந்த தடுப்புச்சுவரும், புதிதாகப் பூசிய சிமெண்டும். அம்மாவின் ஜீப்பு விழுந்த இடம். சுவரைப் பூசியது அம்மா இறந்து பல மாசம் கழித்துத்தான். மஞ்சள் சேலை அங்கே நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரே சீராக, களைப்பே இல்லாமல், ஏறியது. கேமரா மட்டும் அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறியது.

அப்போதுதான் பவதாரணிக்குத் தோன்றியது. இதை யார் எடுக்கிறார்கள்?

அவள் அந்தப் பெட்டியைப் பிடுங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாளை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, கிடைத்த ஜீப்பில் போடிக்கு இறங்கினாள். பால்பாண்டி அதைக் கடை டிவியில் மாட்டிப் படத்தை ஓடவிட்டார். பந்தி. சிரிப்பு. கை கழுவல். மஞ்சள் முதுகு. வாசலுக்கு முன்னால் படம் முடிந்தது. பெட்டி கல்லைப் போலச் சத்தமில்லாமல் இருந்தது. அவர் அவளுடைய முகத்தையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சரியாத்தான தங்கச்சி இருக்கு? பிடிக்கலன்னா வச்சிட்டுப் போ, வேற மாத்தித் தர்றேன்."

வைத்துவிட்டுத்தான் வந்தாள். மூன்றாம் நாள் போய்த் திரும்ப வாங்கி வந்தாள். அந்த மூன்று நாளும் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கறுத்த திரையின் முன்னாலேயே உட்கார்ந்து, உதடு வெடித்து, "பாதி வழியில விட்டுட்டியே தாயி, பாதி வழியில விட்டுட்டியே" என்று முனகிக்கொண்டே இருந்தார். அவரைச் சாகவிடுவதா, ஒரு படத்துக்குப் பயப்படுவதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். படம்தானே என்று சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் பொழுது சாயும் முன்பே மூடுபனி சன்னலை அடைத்துவிட்டது. ஈரமண்ணும் ஏலக்காயும் கலந்த வாடை, எங்கோ தொலைவில் ஒரே ஒருமுறை குரைத்து அடங்கிய நாய், கூரையிலிருந்து ஒழுங்கில்லாமல் விழும் சொட்டு. பவதாரணி பெட்டியை மாட்டினாள். கஞ்சியை ஊட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள். அவள் எதையும் அமுக்கவில்லை. படம் தானாகவே ஓடத் தொடங்கியது.

மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற அவர்களுடைய மண் பாதை. ஏலச்செடிகளின் நீண்ட இலைகள் இருபுறமும் சேலையில் உரசின. உரசிய இலை எதுவும் அசையவில்லை. இரைப்பு இப்போது பெரிதாகக் கேட்டது. ஏற்றத்தில் ஏறமுடியாமல், நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஒருவருடைய மூச்சு. இழுத்தது. விசில் போலக் கீச்சிட்டது. விட்டது.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து குளிர்காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறாள். அம்மாவுக்கு இளைப்பு உண்டு.

"அம்மா வந்துட்டாப்பா" என்றாள். தான் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அந்தா பாருங்க. நம்ம பாதையில வர்றா."

சீனிச்சாமி கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளினார். ஒரு வருசமாகப் புகை படிந்திருந்த அவருடைய கண்கள் சட்டென்று தெளிந்திருந்தன. ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டிய காலத்துக் கண்கள்.

"இவ ஒங்காத்தா இல்ல" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒங்காத்தா இந்த ஏத்தத்துல நாலு தடவ நிப்பா. இவ நிக்கவே இல்ல பாரு. ஒங்காத்தா சேலைய உடுத்திருக்கா, அம்புட்டுத்தான்." அவர் விரலைத் திரைக்கு நேராக நீட்டினார். "ஒங்காத்தா பின்னாடி வர்றா தாயி. மூச்சு வாங்குது, கேக்கலயா? அவளப் புடிக்கத்தான் ஓடியாறா. அவளால முடியல."

திரையில் பாதை முடிந்தது. அவர்களுடைய முற்றம் வந்தது. காயப்போட்ட பவதாரணியின் துப்பட்டா. மூடிய வாசல் கதவு. மஞ்சள் முதுகு அந்தக் கதவை நோக்கிப் போனது. பின்னால் வந்த மூச்சு தெறித்துவிடும் போல இரைந்தது.

பவதாரணி பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. சத்தம் நின்றது. சொட்டுகூட விழவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. பின்கதவு? நினைவில்லை.

"அசையாம இருங்கப்பா. இந்தா வந்துர்றேன்."

சமையல்கட்டுக்கு ஓடினாள். இருட்டில் தடவினாள். தாழ் ஈரமாக இருந்தது. தள்ளினாள். மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள். விழுந்தது.

திரும்பினாள்.

வாசலிலிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது.

கதவு அகலத் திறந்து கிடந்தது. மூடுபனி தரையோடு தரையாக வீட்டுக்குள் நுழைந்திருந்தது. சாய்வு நாற்காலி காலி. அவள் தொட்டுப் பார்த்தாள். துணி இன்னும் சூடாக இருந்தது. அவருடைய செருப்பு நாற்காலிக்கடியிலேயே கிடந்தது.

"அப்பா!"

முற்றத்துக்கு ஓடினாள். வெள்ளை. கை நீட்டினால் கை தெரியாத வெள்ளை. "அப்பா! அப்பா!" குரல் எங்கும் போய் முட்டவில்லை, எதிரொலிக்கவும் இல்லை. பாதை வரை ஓடினாள். ஒரு காலடித் தடம்கூட மண்ணில் இல்லை. பெரியம்மாளைக் கூப்பிடலாமென்று போனை எடுக்க வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

அறை வெளிச்சமாக இருந்தது.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கிய வயர் தரையில் கிடந்தது.

திரையில் மண் பாதை. இப்போது கீழ்நோக்கி. மஞ்சள் முதுகு முன்னே நடந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, குழந்தை மாதிரி எட்டு வைத்து சீனிச்சாமி நடந்தார். பின்னால் மூச்சு. இரைகிறது. கீச்சிடுகிறது. ஓடுகிறது. எட்டவில்லை.

சீனிச்சாமி தலையை மட்டும் திருப்பினார். கேமராவை, கேமராவுக்குப் பின்னால் வருபவளைப் பார்த்தார். அவருடைய முகம் பயத்தில் சுருங்கியிருந்தது.

"வெரசா வா வல்லி" என்றார். "கைய விட மாட்டேங்குறா."

மஞ்சள் சேலை நின்றது.

மூச்சும் நின்றது.

  மஞ்சள் சேலை உடுத்திய அது திரும்பியது. அவசரமில்லாமல். முதலில் தோள், பிறகு காதுத் தோடு, பிறகு கன்னம். அம்மாவின் முகம்தான். பந்தியில் சிரித்த அதே சிரிப்பு. ஆனால் சேலையைப் போலவே அந்த முகத்தையும் அது உடுத்தித்தான் இருந்தது. காதோரம் மடிப்பு சரியாக அமையவில்லை. அது அப்பாவின் கையை விடாமல், இன்னொரு கையை உயர்த்தி, அந்த மடிப்பைப் பொறுமையாக உள்ளே செருகிக்கொண்டு, பவதாரணியைப் பார்த்தது.