பலகாரத் தட்டின் மீதி மடிப்பு

நிலவின் மறுபுறத்துப் பின்னிலாப் பட்டணத்தில் குழந்தைக்குத் தொட்டில் வாங்கினாலும் சரி, ஊருக்கே கூரை போட்டாலும் சரி, ஒரு ஓரம் மட்டும் மூடாது. அந்த ஓரத்தைச் சாதாரணத் தகட்டால் அடைத்து, பசை தடவி, கவ்வி மாட்டிவிடுவார்கள். யாரும் குறை சொல்வதில்லை. பூமியிலும் அதே கதைதான். படகு, பாலம், பள்ளிக்கூடப் பை எல்லாமே முப்பத்தொரு மடிப்போடு நின்றவை. முப்பத்திரண்டாவது மடிப்பு இன்னும் வானத்திலிருந்து வந்து சேரவில்லை.

பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது. நிலவின் மறுபுறத்தில், பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத பெரும்பள்ளம் ஒன்றில் பேரேந்தி என்னும் மாபெரும் அலைவாங்கி இருந்தது. வேறு எதையோ கேட்கப் போன இடத்தில் அது ஒரு செய்தியைப் பிடித்தது. செய்தி முழுவதும் படங்கள். ஒரு தாளை இப்படி மடி, பிறகு இப்படி மடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முப்பத்தொன்றாவது படம் முடிந்த கையோடு, முன்பே போட்டுவைத்த நிரலின்படி பேரேந்தி வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. வந்தது என்னவென்று ஆட்கள் புரிந்துகொண்டு அதைத் திருப்புவதற்குள் வானம் மௌனமாகிவிட்டது.

வந்தவரைக்கும் மடித்துப் பார்த்தார்கள். காகிதக் கனமே உள்ள தகடு எஃகுபோல விறைத்து நின்றது. நிலவில் ஊர் கட்ட முடிந்ததே அதனால்தான். இத்தனை தந்தவர்கள் மீதியில் என்னவெல்லாம் வைத்திருப்பார்களோ என்று உலகத்துக்கு வாயூறியது. கூடவே ஒரு பயமும் வந்தது. ஆளாளுக்குச் சொந்த மடிப்பைச் சேர்த்து மூலத்தைக் கெடுத்துவிட்டால்? உலக மடிப்புப் பேரவை காத்திருப்புச் சட்டம் கொண்டுவந்தது. மீதி வரும்வரை முப்பத்திரண்டாவது மடிப்பை எவரும் தாமாகப் போடக்கூடாது. காத்திருப்பது அப்படியே ஊர்ப் பழக்கமாகிப் போனது. வீடு கட்டுவது, படிப்பை மாற்றுவது, கல்யாணம், எதைக் கேட்டாலும் "மீதி வரட்டும், பாத்துக்கலாம்" என்பதே பதில்.

மீதி வரும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குக் காரணம் பலகாரத் தட்டு.

ஆற்றின் நடுவே பாறை இருந்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, பாறையைச் சுற்றி, மறுபடி ஒன்று சேரும். ஒரு பக்கம் ஓடிவந்த நீர் முன்னால் வரும்; மறுபக்கத்து நீர் சுணங்கி வரும். செய்தி வந்த வழியிலும் அப்படி ஒரு பாறை இருந்தது. அது ஒரு பேரடைக் கொத்து. கோடானுகோடி சூரியன்கள் சேர்ந்தது ஒரு பேரடை. அப்படிப்பட்ட பேரடைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குடித்தனம் நடத்தினால் அது கொத்து. அதன் எடை வெளியையே வளைத்துவிடும். அதைக் கடக்கும் அலையும் வளைந்து பல வழியாகப் பிரியும். ஒரு வழியாக வந்ததைத்தான் முதலில் பாதி கேட்டார்கள். கொத்தின் நடுப்பக்கமாகச் சுணங்கி வரும் இன்னொரு வழியில் அதே செய்தி முழுதாக மறுபடி வரும்.

எப்போது வரும் என்று கணக்குப் போடுவதுதான் இளவெயினியின் வேலை. கொத்தில் உள்ள ஒவ்வொரு பேரடையையும் எடைபோட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் சேர்த்து. பேரேந்தியை இயக்கும் கேட்புக்கூடத்தில் அவற்றுக்குச் செல்லப்பெயர்கள் உண்டு. கைகளைச் சுழற்றிக்கொண்டு இளநீலமாக மின்னும் சுருள் பேரடைகள் முறுக்கு. சுழல் கைகள் மறைந்து வட்டமாகச் சப்பிப்போனவை தட்டை. புது விண்மீன் பிறப்பு ஓய்ந்து, பழுத்துச் சிவந்து, உருண்டு திரண்டவை சீடை. கொத்தின் நட்டநடுவில் வீற்றிருந்தது எல்லாச் சீடைகளையும் விடப் பெரியது. எந்த உருவத்திலும் சேராமல் உதிர்ந்து கிடந்த சிறுசுகள் பக்கோடா. எல்லாம் சேர்ந்த அந்தக் கொத்துதான் பலகாரத் தட்டு. இளவெயினிக்கு அவை அத்தனையும் அண்டைவீட்டுக்காரர்களைப் போல. எது எதை விழுங்கிக் கொழுத்தது, எது எதோடு மோதப்போகிறது என்றெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வம்பு பேசுவாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஊர்க்கூரைப் பொறியாளர் செபஸ்தியான் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் காத்திருக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் அவள் தள்ளிப்போட்டாள். மீதி வந்து வேலை ஓயட்டும் என்பாள். அவன் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. நாலாவது முறை அவளாகவே, செய்தி வரும் என்று கணக்கிட்ட நாளுக்கு இரண்டு மாதம் முன்பாக முடித்துவிடலாம் என்றாள். பூமியிலிருந்து அவளுடைய அக்கா வடிவு வந்து இறங்கினாள். கைக்குக் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பலகாரம் சுட்டு அடுக்கினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். விடுப்பில் இருந்த இளவெயினிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விண்தொலைநோக்கி எடுத்த பலகாரத் தட்டின் புதுப் படங்கள் வந்திருக்கும், ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்புக்கூடத்துக்குப் போனாள்.

படத்தில் ஒரு முறுக்கு கொத்தின் நடுவை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. கொத்துக்குள் நிறைந்திருக்கும் கொதிவளி எதிர்க்காற்றாய் மோதி, அதன் வளிமங்களை உருவி எடுத்திருந்தது. சொறிமீன் கடலில் நூல்நூலாக வாலை இழுத்துக்கொண்டு நீந்துவதுபோல இருந்தது அந்தப் பேரடை. அவள் பலமுறை பார்த்து ரசித்த வால்தான். ஆனால் புதுப் படத்தில் அது அவள் நினைத்ததைவிட வெகு நீளம். அந்த வாலின் எடையை முறுக்கோடு சேர்த்திருக்கிறோம். கொத்தின் பொது வளியிலும் சேர்த்திருக்கிறோம். ஒரே பொருளை இரண்டு முறை எடைபோட்டிருக்கிறோம். வாலைக் கழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். நடுப்பக்கத்தின் எடை இறங்கியது. சுணக்கமும் இறங்கியது. பதினாறு ஆண்டுக் கணக்கில் இரண்டே மாதம்தான் பிசகு. ஆனால் திரையில் நின்ற தேதி நாளைக் காலை.

பேரேந்தியோ இதழ்களை மடக்கிக்கொண்டு மூடிக் கிடந்தது. செய்தி வரும் பெருநாளுக்காகத் தூசு துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்புக்கூடத் தலைவி பல்கீஸ் கணக்கை இரண்டு தடவை படித்தார். இதழ்களை விரிக்கப் பாதி நாள் ஆகும். துடைப்பு வேலை முழுக்க வீணாகும். பேரவைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீ சொல்றது தப்பா இருந்தா?" என்று கேட்டார்.

"தப்பா இருந்தா மறுபடி மூடித் துடைச்சுக்கலாம், மேடம். சரியா இருந்து மூடிக் கெடந்துச்சுன்னா, அடுத்த வழியில வர்றதுக்கு நூறு வருசத்துக்கு மேல ஆகும். அன்னைக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

பல்கீஸ் திரையில் முறுக்கின் வாலை விரலால் அளந்து பார்த்தார். பிறகு விரிக்கச் சொல்லி ஆணையிட்டார்.

அங்கிருந்து இளவெயினி நேரே செபஸ்தியானிடம் போனாள். கல்யாண மண்டபத்தின் கூரை ஓரத்தில் ஏணி போட்டு, தகட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான் அவன். அவள் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"மறுபடியும் தள்ளிப்போடணுமா, வெயினி?"

"இல்ல. இடத்த மட்டும் மாத்திக்கிடலாமான்னு கேக்க வந்தேன்."

விவரம் தெரிந்ததும் அவன் பசைவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அந்த ஆறு ஆண்டில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. வடிவுதான் கொஞ்ச நேரம் பொருமினாள். "ஏட்டி, ஊர் உலகத்துல எவளாவது ஆபீஸ்ல வச்சுத் தாலி கட்டிக்கிடுவாளா?" என்றாள். பொருமிக்கொண்டே பலகாரப் பாத்திரங்களைத் தூக்க ஆள் பிடித்தாள்.

மறுநாள் காலை கேட்புக்கூடத்தில் பட்டுப்புடவைகளும் வேலைச் சீருடைகளும் கலந்து நின்றன. ஊரே வந்திருந்தது. பேரேந்தி தன் இதழ்களை முழுக்க விரித்துப் பலகாரத் தட்டைப் பார்த்து நின்றது. மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். தூவிய அட்சதை நிலவின் மெல்லிய ஈர்ப்பில் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. பாதி அரிசி இன்னும் காற்றில் இருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. திரையில் முதல் மடிப்பு விழுந்தது.

பூமிக்குச் செய்தி பறந்தது. அலுவலகங்கள் காலியாயின, ரயில்கள் நின்றன, தெருக்களில் ஆட்கள் ஒவ்வொரு மடிப்பையும் சேர்ந்து எண்ணினார்கள். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று. இளவெயினி கணவனின் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள்.

அடுத்து வந்தது மடிப்பு இல்லை.

ஒரு கொத்தின் படம் வந்தது. அதில் ஒரே ஒரு பேரடை மட்டும் பெரிதாக, பழுத்த சீடை. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளிக்குறி. தொடர்ந்து முதல் ஒன்பது மடிப்புகளின் குறும்படம். பிறகு வேறொரு கொத்து, அதில் ஒரு தட்டை, வேறொரு புள்ளிக்குறி, அடுத்த பன்னிரண்டு மடிப்புகள். பிறகு ஒரு முறுக்கு. கடைசியில் கொத்தின் ஓரத்தில் ஒதுங்கிய குட்டிப் பக்கோடா ஒன்று, அதற்கு இரண்டே மடிப்பு. அந்தப் புள்ளிக்குறிகள் முன்பே எல்லாருக்கும் பழக்கம்தான். ஒவ்வொரு மடிப்பின் மூலையிலும் இருந்தன. அத்தியாய எண்கள் என்றுதான் அறிஞர்கள் இத்தனை நாளும் எழுதிவந்தார்கள்.

இறுதியாக ஒரு படம் வந்தது. ஓரம் மூடாத தாள். அதன் அருகே பேரடை இல்லாத ஒரு வெற்று வட்டம். அத்தோடு செய்தி முடிந்தது.

முதலில் புரிந்தது இளவெயினிக்குத்தான். பேரடைகளின் முகம் தெரிந்தவள் அல்லவா.

"அது அத்தியாயம் இல்ல," என்றாள் மெதுவாக. "கையெழுத்து. ஒவ்வொருத்தரும் ஒரு பேரடையில இருந்து அவங்கவங்க மடிப்பைச் சேர்த்து அடுத்தவங்களுக்கு அனுப்பியிருக்காங்க. மூலம்னு ஒண்ணு கிடையாது. மீதியும் கிடையாது. அந்த வட்டம் நமக்கு."

பதினாறு ஆண்டு காத்திருந்து கிடைத்தது ஒரு காலி இடம். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பல்கீஸ்தான் என்று பிறகு பலர் சொன்னார்கள். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. அப்புறம் யாரோ கல்யாணப் பத்திரிகையை எடுத்து முப்பத்தொன்று வரை மடித்து, சட்டத்தை மறந்து, ஒரு மடிப்பைக் கூடப் போட்டார்கள். பந்தி இலையில் கை வைத்தவர்கள்கூட எழுந்து வந்து மடித்தார்கள். பாதி மடிப்புகள் பொலபொலவென்று சரிந்தன. வடிவு மடித்தது மட்டும் எழுந்து நின்று, கொக்குபோல ஒரு பக்கம் சாய்ந்து, ஓரம் மூடிக்கொண்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. செபஸ்தியான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மண்டபக் கூரையின் அந்த ஓரத்துக்கு இனிப் பசை வேண்டாம் என்றான். அன்று மாலைக்குள் பேரவை காத்திருப்புச் சட்டத்தை நீக்கியது. ஆனால் வடிவின் மடிப்பில் ஒரு ஓரம் மூடியதும், எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஓர் ஓரம் திறந்திருந்தது. யாரும் அதற்கு வருத்தப்படவில்லை.

மனிதர்களின் மடிப்புகளைச் சேர்த்துச் செய்தியை அடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவானது. அதை எந்தக் கொத்தின் வழியாக அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இளவெயினிக்கு வந்தது. நமக்கு அனுப்பியவர்களும் வேண்டுமென்றேதான் கொத்தைப் பார்த்துக் குறிவைத்திருக்கிறார்கள் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது. முதல்முறை தவறவிட்டவர்களுக்கு இன்னொரு முறை கிடைக்கட்டும் என்று.

கடைசிப் படத்தை முதலிலேயே வைத்துவிடலாமா என்று அவள் நினைத்தாள். மீதி கிடையாது, நீங்களே மடியுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால், எங்கோ யாரோ தங்கள் ஆண்டுகளை வீணாக்க மாட்டார்கள். பல்கீஸ் தலையசைத்து மறுத்தார். "முதல்லயே சொல்லியிருந்தா, நாம அந்த முப்பத்தொண்ணையும் இவ்வளவு கருத்தாக் கத்திருப்போமா?"

அந்தக் கேள்வி இளவெயினியை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. செபஸ்தியானிடம் கேட்டாள். காத்திருந்ததில் அவன் இழந்தது என்ன என்று. முதல் வருசம் நல்லாத்தான் இருந்துச்சு, என்றான். ரெண்டாவது வருசமும் பரவாயில்ல. அதுக்கு மேலதான் கூடிப்போச்சு.

அவள் கடைசிப் படத்தைக் கடைசியிலேயே விட்டாள். ஆனால் கனத்த சீடைகள் நடுவில் குவிந்த பெருங்கொத்துகள் எல்லாவற்றையும் ஒதுக்கினாள். எடை கூடினால் சுணக்கமும் கூடும். தேடித் தேடி, முறுக்குகள் அதிகமாகவும் சீடைகள் ஒன்றிரண்டாகவும் இருந்த, பஞ்சுபோல் லேசான ஒரு சிறு கொத்தைப் பிடித்தாள். அதன் வழியாகப் போனால், பாதியில் தவறவிட்டவர்களுக்கு மீதி இரண்டே ஆண்டில் போய்ச் சேரும்.

எவ்வளவோ கோடி ஆண்டுக்கு அப்பால் இருக்கும் அந்த முகம் தெரியாதவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். கல்யாணத்தைத் தள்ளிப்போடும் அளவுக்கு வேண்டாம்.