ஏழாவது டேக்

தடித்த கம்பியை நார்பர்ட் ஒரு தடவைதான் மீட்டினான். சத்தம் இரண்டு வந்தது.

முதலாவது, அவன் மூன்று வாரமாகத் தவம் கிடந்த சத்தம். கொழுத்த, சோம்பேறியான, பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்ட மாதிரியான பேஸ் கிடார் முழக்கம். அது தேய்ந்து அடங்குகிற கடைசி நொடியில், ஹெட்ஃபோனுக்குள் எங்கோ பின்னால், ஒரு 'டொக்'. மரத்தில் இரும்பு பட்டது மாதிரி.

வேறு யாராவது இருந்தால் காதைக் குடைந்துகொண்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள். நார்பர்ட் சோபோல் பாட்டு வாசிக்கிற ரகம் இல்லை, சத்தம் பார்க்கிற ரகம். வயது ஐம்பத்து மூன்று. நிலவறையில் கிடார் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள் இருபத்தாறு. முழுசாக வாசிக்கத் தெரிந்த பாட்டு நான்கு. அவனைப் போன்றவர்கள் கூடிக் கூடிப் பேசும் இணைய மன்றத்தில் பெடலுக்கு நான்கு பக்கம் என்று விமர்சனம் எழுதுவான். இதைத் தாங்க முடியாமல்தான் அவன் மனைவி லோரேன் மருந்துக்கடையில் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று பார்மா ஊரில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவளும் மறுத்ததில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவன் உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கியிருந்தான். மறுநாள் தவக்கால வெள்ளி. தேவாலயத்துக் கூடத்தில் மீன் பொரிப்பார்கள், பியரோகிக் கொழுக்கட்டை அவிப்பார்கள், அக்கார்டியன்காரி எர்மாவின் குழு போல்கா நடன இசை வாசிக்கும். இருபது வருஷமாக அந்தக் குழுவில் பேஸ் வாசித்த கஸ் கோவல் ஜனவரியில் இறந்துபோனார். அந்த இடத்தில் இப்போது நார்பர்ட் தொங்கிக்கொண்டிருந்தான், ஆணி சரியாக அடிக்காத படம் மாதிரி. அக்கார்டியனைக் கழற்றாமலேயே எர்மா போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"உன் பெடல் புராணமெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. கஸ் வாசிச்சா எழுபது வயசுக் கிழவிக்கும் இடுப்பு ஆடும். நீ வாசிச்சா கொசு கடிக்கிற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு அந்தச் சத்தம் வரலன்னா நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்."

அந்தச் சத்தம் அவனிடம் இருந்தது, இன்னும் வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதுதான் அவனுடைய ரகசியப் பெருமை.

கஸ்ஸை அவன் ஒரு நாளும் மதித்ததில்லை. பத்தொன்பது வருஷம் கம்பி மாற்றாத மனுஷன், ஸ்பீக்கர் பெட்டியின் துணியில் பீர்க்கறை, மேலே காப்பிக் கோப்பையின் வட்டங்கள். அப்பேர்ப்பட்டவருக்கு எப்படி இந்தச் சத்தம் என்கிற வயிற்றெரிச்சல்தான் ஜனவரியில் ஒரு நாள் அவனை மைக்கும் மடிக்கணினியுமாக கஸ்ஸின் நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போனது. முன்பெல்லாம் பேஸ் கிடார் முழங்க இடுப்புயரப் பெட்டி வேண்டும். இப்போது உள்ளங்கை அளவு பெடல் போதும். ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஓர் அறையில் எப்படி முழங்குகிறது என்று ஒரே ஒரு தடவை பிடித்துப் பெடலுக்குள் போட்டுவிட்டால், அப்புறம் பெட்டி வேண்டாம், அறை வேண்டாம், பெட்டிக்குச் சொந்தக்காரனும் வேண்டாம்.

பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்டிக்குள் ஓர் ஊளையை அனுப்புவார்கள். தரைக்கடியில் லாரி உறுமுவது போல் ஆரம்பித்து, மெல்ல ஏறி, மாட்டுக் குரலாகி, விசிலாகி, கடைசியில் கொசுவின் ரீங்காரமாகி மறையும். பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியும் ஊசி விழக் கூடாது. விழுந்தால் அந்த டேக், அந்தப் பதிவு, வீண். மறுபடி முதலிலிருந்து.

அன்று அவனுக்கு ஏழு டேக் ஆயிற்று.

நார்பர்ட் மறுபடியும் கம்பியை மீட்டினான். முழக்கம். டொக். கம்பியை மாற்றினான், கேபிளை மாற்றினான், மேலே போய் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வந்தான். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கேட்டான். வீடு பனிக்காலத்து வீடு எப்படி இருக்குமோ அப்படி அமைதியாக இருந்தது. பெடலில் வேறொரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து வாசித்தான், சுத்தம். கஸ்ஸின் பெட்டிக்குத் திரும்பினான். டொக். இந்தத் தடவை அதற்குப் பின்னால் இன்னொன்று. டொக் டொக்.

'குப்பைப் பெடல்' என்று முணுமுணுத்தான். மன்றத்தில் எழுதப்போகும் முதல் வரிகூட மனதில் உருவாகிவிட்டது.

அடிச்சத்தத்தை வெட்டும் குமிழைத் திருகினான். முழக்கம் மெலிந்தது, தட்டல் மெலியவில்லை. மேல் சத்தத்தை வெட்டும் குமிழைத் திருகினான். முழக்கம் போர்வைக்குள் போனது. தட்டல் வெளியிலேயே நின்றது. மூன்றாவதாக ஒரு குமிழ், மைக்கைப் பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்பதற்கு. நிஜ மைக் எதுவும் நகராது, எல்லாம் கணக்குதான். பின்னால் தள்ளினால் எல்லாச் சத்தமும் சேர்ந்து தூரப் போகும் என்று நினைத்து நார்பர்ட் அதைக் கொஞ்சம் திருப்பினான்.

கஸ்ஸின் பெட்டி தூரப் போனது. தட்டல் கிட்டே வந்தது.

அவன் கை குமிழிலேயே இருந்தது. ஒரு மயிரிழை அளவு திருப்பினான். பெட்டி இன்னும் தள்ளிப் போயிற்று. கஸ்ஸின் நிலவறை, ஈர சிமெண்டும் பழைய பீரும் சலவைத்தூளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறுகிற அளவுக்குத் தெளிவாக, அவன் காதுகளைச் சுற்றி விரிந்தது. மைக் பின்வாங்கிப் பின்வாங்கி எதை நோக்கிப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த அறையில் பெட்டிக்கு நேர் எதிரே இருந்தது ஒரே ஒரு பொருள். வீட்டைச் சூடாக்குகிற உலை இருக்கும் அறையின் பச்சைக் கதவு.

அன்று, "நீ உன் ஊளையைப் போட்டுக்கிட்டு இரு, நான் உலையப் பார்த்துட்டு வரேன். நெருப்பு அணைஞ்சு போச்சு போல" என்று சொல்லிவிட்டு கஸ் ஸ்பேனரோடு நுழைந்த கதவு.

முதல் டேக்கில் தட்டல் விழுந்தது. நார்பர்ட் 'ச்சு' என்றான். இரண்டாவதில் மறுபடி. கிழவன் குழாயோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைத்தான். அப்படி நினைத்ததாகத்தான் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஹெட்ஃபோனைக்கூடக் கழற்றாமல் கதவைப் பார்த்துக் கத்தினான்: "யோவ் கஸ், கொஞ்சம் சும்மா இருய்யா. டேக் வீணாகுது." மூன்று, நான்கு, ஐந்து. தட்டலின் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஆறாவதில் ஒன்றே ஒன்று, தரையோடு ஒட்டி. ஏழாவதில் எதுவும் இல்லை. ஊசி விழாத நிசப்தம். 'அப்பாடா' என்று கேபிளைச் சுருட்டினான். கிளம்பும்போது கதவருகே நின்று, வரேன் என்று சொன்னான். பதில் வராததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான்.

ஆள் உலை அறைக்குள் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தது மறுநாள்தான். கதவின் அடிப்பலகையில் உள்பக்கமாகப் பள்ளம் பள்ளமாக இருந்தது என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். நார்பர்ட் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, தான் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னான். நாலு மணிக்கும் அவனுடைய நீல வேன் கஸ்ஸின் வாசலில் பனி மூடி நின்றதை எதிர்வீட்டு ஜன்னல் பார்த்திருந்தது. அதையெல்லாம் சாவு வீட்டில் சொல்ல மாட்டோம். மீன் வரிசையில் நிற்கும்போது சொல்வோம்.

பெட்டியைக் கஸ்ஸின் மகள் குப்பை லாரியில் ஏற்றிவிட்டாள். மிஞ்சியது இந்தப் பெடலுக்குள் இருக்கும் ஏழாவது டேக் மட்டும். மற்ற ஆறையும் நார்பர்ட் அன்றிரவே அழித்துவிட்டான். இது சுத்தமான டேக். இதில் தட்டல் இருக்க வழியே இல்லை.

அவன் கம்பியைத் தொடவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

டொக். டொக்.

அதற்கும் பின்னால் ஒரு மூச்சு. பலகைக்கு அந்தப் பக்கம், தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு இழுக்கிற மூச்சு.

அழித்துவிடலாம். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும், கஸ்ஸின் பெட்டி உலகத்திலிருந்தே போய்விடும். விரல்கள் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தன. அந்த நிலைமையிலும் நம்ம ஆள் என்ன நினைத்தான் தெரியுமா? நாளைக்கு எர்மா. நாளைக்கு அந்தக் கொசு. கூடத்தில் மீன் தட்டோடு இருநூறு பேர். இவ்வளவு நல்ல சத்தத்தை இனி எங்கே போய்ப் பிடிப்பது?

விரல்களை எடுத்துக்கொண்டான்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தான். தட்டல் நிற்கவில்லை.

அறையில் இருந்தது. அவனுடைய அறையில், அவனுடைய உலை அறையின் வெள்ளைக் கதவுக்குப் பின்னால். நார்பர்ட் வாயைத் திறந்தான். வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. அப்போதுதான் வீடே குளிர்ந்துபோயிருப்பது உறைத்தது. உலை அணைந்திருக்கிறது. தகரக் குழாய்கள் குளிரில் சுருங்குகின்றன. சுருங்கினால் தட்டாதா? இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம் அதுதான், கிடார் அதை வாங்கிப் பெடலுக்குள் அனுப்பியிருக்கிறது. அவன் சத்தமாகவே சிரித்தான். குழாய்க்குப் பயந்தவன் என்று மன்றத்தில் எழுதினால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் ஓடும். சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

உள்ளே உலை, தண்ணீர்த் தொட்டி, ஒட்டடை. யாரும் இல்லை. பார்த்தாயா என்று தனக்கே சொல்லிக்கொண்டு மண்டியிட்டு, நெருப்பு எரிகிற துவாரத்துக்குள் குனிந்து பார்த்தான்.

நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள்.

இடது கை போயிற்று. தரை கன்னத்தில் வந்து மோதியது. பின்னால் கதவு தன் பாரத்தில் மெல்ல நகர்ந்து, நாதாங்கியில் விழுந்தது. கத்தினான். காற்றுதான் வந்தது. லோரேன் வர ஆறு மணி ஆகும். ஸ்பேனர் வலது கையில் இருந்தது. அதுவாவது இருந்தது. தலைக்கு நேரே இருந்த அடிப்பலகையில் அடித்தான்.

டொக்.

வெளியே அவனுடைய நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ இருக்கிறார்கள். கடவுளே, யாரோ இருக்கிறார்கள். மறுபடி அடித்தான். டொக் டொக்.

தரைக்கடியில் லாரி உறுமியது. அவன் நிலவறையில் ஸ்பீக்கர் பெட்டி எதுவும் கிடையாது. உறுமல் ஏறியது. மாட்டுக் குரல். விசில். கொசு. பத்து விநாடி, அந்தப் பத்து விநாடி முழுக்க அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், 'ச்சு'.

அந்த 'ச்சு' அவனுக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும்.

இரண்டாவது ஊளை. அடித்தான். பெயின்ட் உதிர்ந்து கண்ணருகே விழுந்தது. உற்றுப் பார்த்தான். அவன் வீட்டுக் கதவு வெள்ளை.

உதிர்ந்தது பச்சை.

"யோவ் கஸ்." எரிச்சலான குரல். அவனுடைய குரல். "கொஞ்சம் சும்மா இருய்யா. டேக் வீணாகுது."

மூன்று. கதவைத் திற. கதவைத் திறடா. நாக்கு புரளவில்லை.

நான்கு. இரண்டு தட்டு.

ஐந்து. எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆறு. ஒன்றே ஒன்று. தரையோடு ஒட்டி.

ஸ்பேனர் விரல்களில் இருந்தது. விரல்கள் அவனிடம் இல்லை. வெளியே ஹெட்ஃபோனைக் காதோடு இழுத்து அழுத்திக்கொள்ளும் மெல்லிய சத்தம். நாற்காலி முன்னால் நகர்ந்தது. பிறகு பொறுமையாக, கவனமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் காத்திருக்கிற அமைதி.

தரைக்கடியில் லாரி மறுபடி புறப்பட்டது. மெல்ல ஏறியது. மாடாகி, விசிலாகி, கொசுவாகி, மறைந்தது. இந்தத் தடவை குறுக்கே எந்தச் சத்தமும் விழவில்லை.

"அப்பாடா" என்றது குரல்.