ஒரே இலைதான் போட்டான்

மூடிய கதவுக்கு அடியிலிருந்து சேற்று வாடை வந்தது. இறால் சம்பலும் கோழிப் பெரட்டலும் அல்லவா மணக்க வேண்டும் என்று குரு நினைத்தான். தீபாவளிக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம். கூடத்தில் மனைவி உஷாராணியின் படத்துக்கு முன்னால் ஒரே ஓர் இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, மகள் தாமரையின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றான். இறந்தவர்கள் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, அவர்கள் எழுந்துபோக அவகாசம் கொடுத்த பிறகுதான் திறக்க வேண்டும்.

மலேசியாவின் கிள்ளானில் வெள்ளம் வந்த அன்று அவன் தெலுக் பங்லிமா காராங் ஊரிலுள்ள தொழிற்சாலையில் ஓவர்டைமில் இருந்தான். உஷாராணி விடாமல் போன் அடித்தாள். மெஷின் ஓடுகிறது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். மகளை அலமாரி மேல் ஏற்றி உட்கார வைத்தவளுக்குத் தான் ஏற நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வீடு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு உறைத்தது. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் ஓடி வந்துவிடுகிறான். தாமரையையும் விட்டால் தனக்கு யாருமில்லை என்ற பயம் தூக்கத்திலும் அவனை விடுவதில்லை.

"அப்பா, பசிக்குது."

"கொஞ்சம் இரும்மா. அம்மா சாப்பிட்டு முடிக்கட்டும்."

போன் அடித்தது. சூப்பர்வைசர் வேலாயுதம். நாளைக்கு ஆள் பத்தவில்லையாம். எதிர்வீட்டுப் பட்டாசுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தான். "நாளைக்குத் தீபாவளி லா, பாஸ்," என்று சொல்லத்தான் செய்தான். ஆனால் பேச்சை வெட்டிவிட மனம் வரவில்லை. மதியம் வரைக்கும் என்றால் பார்க்கலாம் என்று இழுத்து, கடைசியில் சரி என்றும் சொல்லிவிட்டான். ஓவர்டைம் என்றதும் தலையாட்டுகிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா என்ன.

பட்டாசு ஓய்ந்தது. காதைப் பொத்தியிருந்த கையைப் பார்த்தான். அதில்தான் மகளைப் பிடித்திருந்தான்.

திரும்பினான். வாசலில் யாருமில்லை.

கேட் பூட்டியே இருந்தது. அவளுடைய செருப்பு மட்டும் கதவருகே, ஜோடியாக. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. பழுப்புத் தண்ணீர்.

உள்ளே வளையல் சத்தம்.

"இன்னும் ஒரு வாய்டா, கண்ணு."

அவனுக்குத் தெரிந்த குரல். தட்ட வேண்டும் என்பது மறந்துபோனது. தாழ்ப்பாளை இழுத்தான். தட்டாமலே திறந்துவிட்டான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடம் முழுக்கத் தண்ணீர். படத்துக்கு முன்னால் இரண்டு இலை.

தாமரை அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். அவள் வாய்க்கு நேராகச் சோற்று உருண்டையோடு ஒரு கை நீண்டிருந்தது. வெளுத்து ஊறிப்போன கை. விரல் நுனியிலிருந்து சேறு சொட்டியது. இலையில். சோற்றில்.

கூப்பிட்டான். அவள் காதில் விழவில்லை.

"அப்பா போன்ல இருக்காங்கம்மா," என்றாள் தாமரை, திரும்பாமலே. "அவங்க வர மாட்டாங்க. நாம போலாம்."

அந்தக் கை அவள் வாயைத் துடைத்துவிட்டது. தண்ணீர் ஏறி விளக்கைத் தொட்டது.