பெயர் விடுபட்ட கண்டனம்

செவ்வாய்க் குடியேற்றச் சபையின் உறுப்பினர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய கைகள் உயர்ந்தன. தோளுக்குள் பதித்த ஒப்புதல் சில்லு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கொறடா பொத்தானை அழுத்தினால் போதும். நூற்றுப் பன்னிரண்டு கைகள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எந்த அரசைக் கண்டிக்கிறோம் என்ற இடம் மட்டும் அதில் காலியாக இருந்தது.

காலியாக விட்ட புண்ணியவான் சபை எழுத்தர் ஞானதிரவியம். மாதம் ஒரு கண்டனம் அங்கே வழக்கம், வாசகமும் மாறாது. விசாரணையின்றி அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருக்கும் இன்ன அரசு, முப்பது நாளுக்குள் அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும் அல்லது விடுவிக்கவேண்டும். தவறினால் அந்த அரசுக்கு உயிர்வளி வடிகட்டி தரமாட்டோம். இந்த மாதம் வியாழன் கோளைச் சுற்றும் கனிமீடு நிலவின் முறை. பெயரை எழுதப் போன நேரத்தில் சிறையின் தகவல் முகப்பிலிருந்து அழைப்பு வரவே, போட்டது போட்டபடி ஓடினார் திரவியம்.

தங்கை ஜெபமணிக்காகத்தான் ஓட்டம். குவிமாடத்தில் விரிசல் விழுந்து இறந்துபோனவர்களின் பெயர்களை அவள் சந்தையில் நின்று உரக்க வாசித்தாள். காவல் இயந்திரங்கள் வந்ததும் கூட்டம் சிதறியது. முதலில் ஓடியவர் அண்ணன்தான். வீட்டுக்கு ஒதுக்கிய தைரியம் மொத்தத்தையும் தங்கையே எடுத்துக்கொண்டாள் என்பார் கேட்டவர்களிடம். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மூன்று வருடமாகச் சிறையில் இருக்கும் அவளுக்கு விசாரணை இல்லை. முகப்பு இயந்திரம் அன்றும், “பரிசீலனையில் உள்ளது” என்றது. தன் சேவைக்கு மதிப்பெண் கேட்டது. ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுத் திரும்பினார்.

அதற்குள் தீர்மானம் அஞ்சல் இயந்திரத்துக்குப் போயிருந்தது. பெயர் இல்லாத கடிதத்தை, அதிலுள்ள விவரம் பொருந்தும் எல்லோருக்கும் அனுப்புவது அதன் விதி. ஐந்து அரசுகள் பொருந்தின. நான்கு கடிதங்கள் விண்வெளிக்குப் போயின. ஐந்தாவது, மாடியில் இருந்த உள்துறை அமைச்சர் அறைக்குப் போனது.

சபாநாயகர் அங்கயற்கண்ணி திரவியத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“என்ன திரவியம், நமக்கு நாமே மூச்சுக்காத்து தரமாட்டோம்னு தீர்மானம் போட வச்சிட்டீங்களே?”

“பேர் விட்டுப்போச்சும்மா. ரத்து பண்ணிடலாம்.”

“காரணம் என்னன்னு எழுதறது? படிக்காம கை தூக்கிட்டோம்னா?”

அப்படி எழுத ஒரு உறுப்பினரும் சம்மதிக்கவில்லை. மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு பேரும், நன்றாக யோசித்துத்தான் நம்மையும் சேர்த்துக் கண்டித்தோம் என்று பேட்டி கொடுத்தார்கள். கொறடா கண் கலங்கினார். தன்னையே கண்டித்துக்கொள்ளும் செவ்வாயின் முன் தான் மட்டும் எப்படி முரண்டு பிடிப்பது என்று கனிமீடு அரசு பதினாறு கைதிகளை நீதிமன்றத்தில் நிறுத்தியது. இத்தனை வருடக் கண்டனங்களில் ஒன்றுக்குப் பலன் கிடைத்தது அதுவே முதல் தடவை.

அடுத்த வாரம் திரவியம் வழக்கம்போல முகப்பில் போய் நின்றார். பதில் தெரிந்த கேள்விதானே என்று மதிப்பெண் பொத்தானில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

“ஜெபமணிக்கு விசாரணை எப்போ?”

இயந்திரம் ஒரு கோப்பைத் திறந்தது.

“வியாழக்கிழமை, காலை பத்து மணி, மூன்றாம் மன்றம். அண்ணன் முன்வரிசையில் உட்காரவேண்டும் என்று கைதி கேட்டிருக்கிறார். இந்தத் தடவை ஓடக்கூடாதாம்.”