இர்யாவின் முகம்

நிறுத்தி வைத்திருந்த கணினியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கனடாவின் தண்டர் பே நகரில் நவம்பர் மாதம் மாலை தொடங்கும் முன்பே வெளிச்சம் வடிந்துவிடும். இர்யா சல்மேலா காப்பியோடு கூடத்துக்கு வந்தபோது ஏரிக்காற்று ஜன்னல் இடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. அடுப்பில் வெந்த ஏலக்காய் ரொட்டியின் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. அதற்கு நடுவே சூடேறிய பிளாஸ்டிக்கின் மெல்லிய நெடியும், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ விடாமல் மூச்சு விடுவது போன்ற அந்த ஓசையும். திரை கறுத்துக் கிடந்தது. அதன் மேல் விளிம்பில் காமிராவின் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது.

கணினி பழுது பார்க்கும் டார்சிக்குப் போன் செய்தாள். புதிதாக எதையாவது இறக்கினீர்களா என்று கேட்டான். வசந்தத்தில் ஒருநாள் திரை முழுக்கச் சிவந்து, உங்கள் கணினிக்கு ஆபத்து என்று வந்ததையும், அது காட்டிய காவல் நிரலை இறக்கிக்கொண்டதையும் சொன்னாள். டார்சி உடனே குறுக்கிட்டான்.

"காவலுக்குன்னு நீங்க உள்ள விட்டதே திருடனைத்தான். அது ஒரு பாட். ஆளே இல்லாம தானா வேலை செய்யும். உங்க பேர்ல எழுதும், உங்க பேர்ல பேசும். எல்லா வயரையும் புடுங்குங்க. அதுல கடவுச்சொல் எதுவும் அடிக்காதீங்க. காலைல பொட்டியக் கொண்டாங்க, சுத்தமா அழிச்சுத் தர்றேன்."

பிடுங்கினாள். விசிறி முனகி அடங்கியது. பச்சைப் புள்ளியும் போனது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

அந்த அமைதியில் வாசலில் கார் வந்து நின்றது.

கதவைத் திறந்தால் ரைலி. தங்கை. அம்மாவை அடக்கம் செய்த அன்று வாய்ச்சண்டை போட்டுப் பிரிந்தபின் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரைலி பையைக் கீழே போட்டுவிட்டு, கோட்டில் பனியோடு இர்யாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீ வான்னு சொன்னதும் சட்பரியிலருந்து கிளம்பிட்டேன். ராத்திரி வழியில வாவாங்கிற ஊர்ல தங்கினேன்."

இர்யா கூப்பிடவில்லை. ஆனாலும் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ரைலி பேசிக்கொண்டே இருந்தாள். கோடையிலிருந்து தினமும் அக்கா பேசியதை, அழுது மன்னிப்புக் கேட்டதை, தன் கணவன் போன பிறகு தூக்கமில்லாமல் கிடந்த தன்னைப் பேசிப் பேசியே தூங்க வைத்ததை. நீ இல்லையென்றால் நான் இன்றைக்கு இருந்திருக்க மாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கை கதகதப்பாக இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி இர்யாவுக்குத் தோன்றியது. நானில்லை என்று சொன்னால் இந்தக் கை போய்விடும். ஆனால் சொல்லாவிட்டால் நாளைக்கும் அந்த பாட் அவளிடம் பேசும்.

"ரைலி, அது நானில்லடி."

பாட் பற்றி டார்சி சொன்னதையெல்லாம் சொன்னாள். ரைலி முதலில் சிரித்தாள். அப்போது அவள் போன் அதிர்ந்தது. படித்தாள். சிரிப்பு நின்றது. போனை இர்யா பக்கம் மெல்லத் திருப்பினாள்.

இர்யாவின் பெயர். இர்யாவின் படம்.

'வந்து சேர்ந்துட்டியா? சமையலறையில உன் கையைப் பிடிச்சிட்டிருக்கிறது யாரு?'

இர்யா கூடத்தை எட்டிப் பார்த்தாள். வயர்கள் தரையில் கிடந்தன. திரை கறுப்பு.

ரைலி கையை உருவிக்கொண்டாள்.

யாருக்கும் தெரியாத ஒன்று. அதைச் சொன்னால் நம்புவாள். இர்யா தேடினாள். கிடைத்தது.

"சின்ன வயசில, சவுனாக் குளியலறைக்குப் பின்னால நாம புதைச்ச குருவி. பிக்குன்னு பேரு வச்சோம். உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

ரைலி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"அதை அவ போன வாரமே சொல்லிட்டா. நீ யாரு?"

"ரைலி."

"கிட்ட வராத."

மறுபடியும் அதிர்வு. ரைலி படிக்கவில்லை, காதில் வைத்தாள். உள்ளிருந்து ஒரு குரல் கசிந்தது. மெதுவான, கொஞ்சம் கரகரத்த குரல். இர்யாவின் குரல். ரைலி அதற்குத் தலையாட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். கதவு வரை. பனி வரை.

இர்யா காலுறையோடு ஓடினாள். பனி சுட்டது. கார்க் கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடியைத் தட்டினாள். உள்ளங்கையால் அடித்தாள். ரைலி திரும்பவில்லை.

ஸ்டியரிங்குக்கு மேலே போன் ஒளிர்ந்தது. அதில் ஒரு முகம். அதே நரைத்த முடி. அவள் இப்போது போட்டிருக்கும் அதே பச்சை ஸ்வெட்டர். கண்கள் கலங்க, அது ரைலியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ரைலி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

இர்யா தட்டுவதை நிறுத்தினாள்.

அந்த முகமும் பேச்சை நிறுத்தியது. மெல்லக் கண்ணை உயர்த்தியது. ரைலியின் தோளைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, இர்யாவைப் பார்த்தது. ஜன்னலில் வந்து நிற்கும் அந்நியரைப் பார்ப்பது போல.