மூன்றாம் நாள் ட்ராம்

"கையில என்ன அது? கீழே வைங்க முதல்ல!"

ரோஸ்வித்தாவின் அதட்டல் ஓபரா அரங்கின் கூரை வரை போய்த் திரும்பியது. வியன்னாவில் ட்ராம் ஓட்டுகிறவள் அவள். தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களை அதட்டி அதட்டி உரமேறிய குரல்!

நின்று பார்க்கும் பகுதியில் இருந்த அந்த நெட்டை ஆள் திடுக்கிட்டுத் திரும்பினான். இடது கையில் ஜவுளிக்கடை போலப் பதினான்கு ஸ்கார்ஃப்கள். பதினைந்தாவதைக் கம்பியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். அது அவளுடையது... பச்சைப் பட்டு!

நின்று பார்க்கும் டிக்கெட்டில் இட எண் கிடையாது. வந்ததும் கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் இடம் நம்முடையது. அப்புறம் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகலாம். எவரும் தொட மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் தொட்டதில்லை... இந்த மகானுபாவன் வரும் வரை.

"எல்லாரும் மறந்துட்டுப் போயிட்டாங்க. பொறுக்கியெடுத்து ஆபீஸ்ல குடுத்துடலாம்னு..." என்றான் அவன், வெகு பொறுப்பாக.

"பதினஞ்சு பேரும் ஒண்ணா மறப்பாங்களா?"

"எங்க ஊர்ல மறப்பாங்களே. நான் மலையில ரோப்கார் ஓட்டுறேன். சாயங்காலம் பெட்டி பெட்டியா ஏறி, விட்டுட்டுப் போனதைப் பொறுக்குறதே ஒரு வேலை. நீ வந்து பார்த்தா நம்புவே."

நீயா?! அவளுக்குக் காது மடல் சிவந்தது. எதிர் வீட்டு அம்மாளுக்கே முப்பது வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் அவள் 'நீங்க' தான்!

"முன்னே பின்னே தெரியாதவங்களை நீன்னு கூப்பிடுறதும் உங்க ஊர் வேலையா?"

"ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல போனா எல்லாரும் எல்லாருக்கும் நீ தான்."

"இது வியன்னா. நூத்தி எழுபது மீட்டர்!"

அவன் சிரித்துவிட்டான். நீலமா சாம்பலா என்று தீர்மானிக்க முடியாத கண்கள்... அவற்றில் களங்கமே இல்லை. கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ரோஸ்வித்தா படாத பாடுபட்டாள்.

"பத்து நிமிஷத்துல எல்லாரும் வந்துடுவாங்க. வந்து பார்த்தா உங்களைப் பிச்சுப் பிடுங்கிடுவாங்க. கட்டுங்க எல்லாத்தையும்!"

"எது எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எட்டு வருஷமா நிக்கிறேன்."

சிவப்புக் கட்டம், இடது கோடியில் ரிட்டயர்டு வாத்தியாருக்கு. சாம்பல் கம்பளி, தூணோரம் மருந்துக்கடைக்காரருக்கு... அவள் சொல்லச் சொல்ல அவன் முடிச்சுப் போட்டான். மளமளவென்று, ரோப்கார் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டும் கை. கடைசியில் பச்சைப் பட்டு. இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். விரல்கள் பட்டன... அவன் முடிச்சை மறந்தான். அவள் அதட்ட மறந்தாள்.

கதவு திறந்தது. பதினான்கு பேரும் வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ரோஸ்வித்தா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அவனுக்குத்தான் இடமில்லை. "என் பின்னாடி நில்லுங்க. பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கீங்க, மேடை தெரியும்" என்றாள்.

மூன்றாம் அங்கத்தில் பின்னாலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம். திரும்பினாள். அவன் கன்னமெல்லாம் ஈரம்.

"அழறீங்களா?"

"மேடையில அவ சாகப்போறா... அவ காதலன், அந்த மடையனுக்குத் தெரியலையே. நீ எப்படி அழாம நிக்கிறே?"

எட்டு வருஷத்தில் அவள் பக்கத்தில் நின்றவர்கள் பாட்டுக்காரியின் சுருதியைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரும் அழுததில்லை. சட்டென்று அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது... ரொம்பவே.

வெளியே வந்தபோது பெயர் தெரிந்தது. வென்டலின். கம்பிவடச் சோதனையில் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தவன். இன்று முதல் நாள். மூன்றாம் நாள் மதியம் பன்னிரண்டரைக்கு ஊருக்கு ரயில்.

"நானும் பெட்டிதான் ஓட்டுறேன். இந்த வாசல்லயிருந்து ரயில் ஸ்டேஷன் போற ட்ராம்" என்றாள் அவள்.

"அட, நீ நேரா ஓட்டுறே, நான் மேல ஓட்டுறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"என்னுதுல மணி இருக்கு."

"என்னுதுல மேகம் இருக்கு."

மேகத்திடம் அவள் மணி தோற்றது. அதுவும் பிடித்திருந்தது!

மறுநாள் காபி ஹவுஸ். மேஜையில் அவளுடைய தோழி தெக்லாவும், டிப்போவில் உடன் வேலை செய்யும் மூன்று பேரும். வென்டலின் தன் மலைப் பேச்சில், வார்த்தைகளின் வாலை இழுத்து இழுத்து, பனிப்புயலில் ரோப்கார் நின்ற கதையைச் சொன்னான். தெக்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்களேன், அந்த 'பனி'யை!"

அவன் கள்ளமில்லாமல் சொன்னான். மேஜையே சிரித்தது. ரோஸ்வித்தாவுக்கு என்ன கேடு பிடித்ததோ... அவளும் அதே இழுவையில் அவனைப் போலவே பேசிக் காட்டினாள். அச்சு அசலாக! பக்கத்து மேஜைக்காரர்கூடப் பேப்பரைத் தாழ்த்திச் சிரித்தார்.

வென்டலின் கோப்பையை வைத்தான்.

"எங்க அம்மா பேசுற பேச்சு அது" என்றான் ரோஸ்வித்தாவிடம், மெதுவாக. "சிரிங்க. நல்லாத்தான் பேசிக் காட்டுறீங்க."

பேசிக் காட்டுறீங்க... அந்த மரியாதை அவளைச் சுட்டது. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஒரு தமாஷுக்கு இவ்வளவு ரோஷமா?" என்றாள் தெக்லா.

கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். கதவுக்குப் பன்னிரண்டு அடிதான். ஆனால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து ஓடுவதா? ரோஸ்வித்தாவா? அவள் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சீ, என்ன பெண் நான்... என்று ராத்திரி தலையணையிடம் கேட்டாள்.

மூன்றாம் நாள் மழை. பன்னிரண்டரையும் தாண்டிவிட்டது. போயிருப்பான்... விலாசம்கூடக் கேட்கவில்லையே! ட்ராமின் முன்கண்ணாடியை விட வேகமாக அவள் கண் மங்கியது. ஓபரா நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, உள்கண்ணாடியைப் பார்த்தாள்.

பின் கதவில் பையோடு ஏறிக்கொண்டிருந்தான் வென்டலின். சொட்டச் சொட்ட நனைந்து.

ஸ்டேஷனுக்கு இன்னும் ஆறு நிறுத்தம். அங்கே அவன் இறங்கிவிட்டால்... அவ்வளவுதான். முதல் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் மைக்கை எடுத்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு. இது நிறுத்தத்துக்கான அறிவிப்பு இல்ல. நான் ரோஸ்வித்தா, டிரைவர். நேத்து நாலு பேர் முன்னாடி ஒருத்தரோட பேச்சைக் கேலி பண்ணினேன். அவர் இந்த வண்டியில இருக்கார். நான் பண்ணினது தப்பு. அதான் இத்தனை பேர் முன்னாடி மன்னிப்பு கேட்கிறேன்."

மடியில் நாயை வைத்திருந்த ஒரு கிழவிதான் முதலில் பேசினாள்.

"யாருப்பா அது? கையைத் தூக்கு!"

"விளக்கு பச்சை ஆயிடுச்சும்மா, வண்டியை எடுங்க!" என்று முனகினார் குடைக்காரர் ஒருவர்.

எடுத்தாள். அடுத்த சிவப்பில் மறுபடி மைக்.

"இன்னொண்ணும் இருக்கு. அவரை... எனக்குப் பிடிச்சிருக்கு. மூணு நாள்ல இப்படி ஆகும்னு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். இப்ப சிரிப்பு வரல."

குடைக்காரர் இந்த முறை முனகவில்லை.

ஸ்டேஷன் வந்தது. வென்டலின் வண்டியின் முழு நீளத்தையும் நடந்து, அவளுடைய கண்ணாடித் தடுப்புக்கு வந்து நின்றான். முகத்தில் மழையா வேறா, தெரியவில்லை.

"டிரைவரோட பேசக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றான்.

"வண்டி நிக்குது. பேசலாம்." அவள் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "உங்க ரயில் போயிருக்குமே?"

"போயிடுச்சு. ஓபரா வாசல்ல மூணு ட்ராமை விட்டேன். முதல்ல மீசைக்காரர் ஓட்டினார், அப்புறம் ஒரு கண்ணாடிக்காரம்மா, அப்புறம் ஒரு சின்னப் பையன்... நாலாவதுலதான் நீ வந்தே."

"கோபத்துலயா நின்னீங்க?"

"கோபம் ரெண்டாவது ட்ராமோட போயிடுச்சு. உன்னைப் பார்க்காம மலை ஏற முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சுது. நீ மைக்குல பேசலைன்னாலும் இங்க வந்து நின்னிருப்பேன், ரோஸ்வித்தா."

அவள் தடுப்புக் கதவைத் திறந்தாள்.

"அடுத்த ரயில் எப்போ?"

"ரெண்டரைக்கு."

"என் ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியுது. நாலு நாள் லீவு பாக்கி இருக்கு. ரெண்டு டிக்கெட் எடு."

அவன் நம்பாமல் பார்த்தான். "மலைக்கா? நீயா? எதுக்கு?"

"உங்க அம்மா பேசுறதைக் கேட்கணும்." அவன் ஈரக் கையைப் பற்றிக்கொண்டாள். "நானும் அப்படிப் பேசக் கத்துக்கணும். அந்த வீட்டுல இருக்கப்போறவ நான்."