சாம்பலுக்கு நடுவே மஞ்சள்

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் என் அப்பாதான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, தொல்லையும் உண்டு.

வகுப்பில் பூ, பூனை, பானை என்று அழகாகச் சொல்லிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து வரைந்தாலோ வெறும் வண்ணம்தான். கண் இருக்காது, மூக்கு இருக்காது. மனத்தில் இருப்பதை அகலத் தூரிகையால் அப்படியே இழுத்துவிடுவார்.

அப்படி ஒரு படம் அன்று பள்ளி நுழைவுக் கூடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறம். நடுவே ஒரே ஒரு மஞ்சள் கீற்று. கீழ் மூலையில் நாலைந்து கறுப்புத் திட்டுகள். அதைச் சுவரில் மாட்டலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியை அன்றே முடிவு செய்ய வேண்டும்.

"பிரஷ் துடைச்ச துணியா இது?" என்றான் என் வகுப்பு நெட்டையன்.

தலைமையாசிரியையும் கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. தலையும் புரியல, வாலும் புரியல. ரெண்டு அன்னம் வரைஞ்சு குடுத்துடுங்களேன்!"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

"இனிமே அன்னமே வரையறேன்மா," என்றார் என்னிடம் மெதுவாக. "இந்த மாதிரி படமெல்லாம் போதும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் படம் பிறந்த கதை எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா வீட்டுக்குள் ஓடி வந்தார். "அவ பேசிட்டாம்மா! என்ன கலர் வேணும்னு கேட்டேன், மஞ்சள்னு சொல்லிட்டா!" என்று கத்தியபடியே வரைய உட்கார்ந்துவிட்டார்.

'அவள்' நான்காம் வகுப்புப் பெண். சேர்ந்து ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறக்காததால் எல்லோரும் அவளைப் 'பூட்டு' என்போம்.

இதை நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, இங்கே குஞ்சுக்குத் தன் காக்கை பொன் காக்கை என்று சிரிப்பார்கள். அதனால் நான்காம் வகுப்புக்கு ஓடினேன்.

"ஒரு படம் பாக்க வர்றியா?"

பூட்டு தலையாட்டினாள். வேறெதுவும் நான் சொல்லவில்லை.

நாங்கள் வந்தபோது அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு போகக் குனிந்திருந்தார். பூட்டு அதன் முன்னே போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு விரலை மஞ்சளுக்கு நேராக நீட்டினாள்.

"இது நான்."

சுற்றி நின்ற பிள்ளைகளெல்லாம் படத்துக்குக் கிட்டே நெருங்கி வந்தார்கள்.

"எப்படிம்மா சொல்றே?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"பேசணும்னு நினைப்பேன் மிஸ். தொண்டையிலேயே நின்னுடும். அப்போ எல்லாமே இப்படி மங்கலா இருக்கும்." சாம்பல் நிறத்தைக் காட்டினாள். "அன்னிக்கு மட்டும் ஒரு வார்த்தை வெளிய வந்துடுச்சு. வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்குள்ள இந்த மஞ்சள் மாதிரியே இருந்துச்சு."

அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைமையாசிரியை காவலாளியைக் கூப்பிட்டார். "ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வாங்க."

நெட்டையன் மட்டும் விடவில்லை. "அப்போ மூலையில இருக்கற அந்தக் கறுப்பு யாராம்?"

"பின்னாடி உக்காந்து சிரிக்கறவங்க," என்றாள் பூட்டு.

கூடம் அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையன்தான் முதலில் சிரித்தான்.

அப்பா என் காதருகே குனிந்தார். "நாளைக்கு மஞ்சள் பெரிய டப்பாவா வாங்கணும்மா."